குட்டை மாட்டுக்கு ஏன் இரண்டு விலை? சந்தைக் கணக்கும் லட்சக் கணக்கும்

2024 ஜனவரியில், மகர சங்கராந்தியை ஒட்டி, பிரதமர் தம் டெல்லி இல்லத்தில் புங்கனூர் பசுக்களுக்குத் தீவனம் கொடுக்கும் படங்கள் வெளியாயின. அதிலிருந்து சென்னையில் குட்டை மாடுகளைப் பற்றிய விசாரிப்பு கூடிவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பண்ணை வீடு வைத்திருப்பவர்கள், திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டவர்கள், தாம்பரத்துக்கு அப்பால் தனி வீட்டில் இருப்பவர்கள் எனப் பலரும் கேட்கிறார்கள். எல்லோரையும் குழப்புவது ஒரே விஷயம்தான். கைப்பேசியில் வரும் விளம்பரத்தில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு பசுவுக்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் சொல்கிறார்கள். அதே உயரமுள்ள பசு சந்தையில் சில ஆயிரங்களுக்குக் கைமாறுகிறது. யார் ஏமாற்றுகிறார்கள், யார் ஏமாறுகிறார்கள்?

இரண்டு விலையும் உண்மையான விலைதான். ஆனால் இரண்டும் ஒரே பொருளுக்கான விலை அல்ல. சந்தை கொடுப்பது உடம்புக்கும் மடிக்கும். வெளியில் கேட்கப்படுவது வம்சத்துக்கு. வம்சத்துக்கான விலையைக் கொடுத்துவிட்டு வெறும் உடம்பை மட்டும் ஓட்டிக்கொண்டு வருபவர்தான் நஷ்டப்படுகிறார். இது எப்படி நடக்கிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

குட்டையாக இருப்பதெல்லாம் குட்டை இனம் அல்ல

மாட்டின் உயரத்தைத் தலையிலிருந்து அளப்பதில்லை. திமிலுக்கு அருகே, முன்னங்கால் நேராகத் தரையில் ஊன்றியிருக்கும்போது தோள் மேட்டிலிருந்து தரைவரை அளப்பதுதான் கணக்கு. இந்த அளவில் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்கும் மாடுகளைக் குட்டை இனம் என்று பொதுவாகச் சொல்கிறோம். தென்னிந்தியாவில் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை இவை:

1. புங்கனூர். ஆந்திரத்தின் சித்தூர் பக்கத்து இனம். உயரம் பெரும்பாலும் 70 முதல் 90 செ.மீ. எடை 115 முதல் 200 கிலோ. அகன்ற நெற்றி, குட்டைக் கொம்பு, தரையைத் தொடும் வால். வெள்ளை, சாம்பல், பழுப்பு, செம்பழுப்பு நிறங்களில் இருக்கும். பலமனேரில் இதற்கென அரசு ஆராய்ச்சி நிலையம் உண்டு.

2. வெச்சூர். கேரளத்தின் வைக்கம் பக்கத்து இனம். அழிந்துவிட்டதாக நினைத்த நேரத்தில், 1989 முதல் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சோசம்மா ஐப் குழுவினர் தேடிப்பிடித்துப் பெருக்கினார்கள். அந்தப் பணிக்காக 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. உலகின் மிகக் குட்டையான பசு என 2014-இல் கின்னஸில் பதிவான மாணிக்யம் வெச்சூர் பசுதான், உயரம் 61.1 செ.மீ.

3. மலைநாடு கிட்டா. கர்நாடகத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதி மாடு. மழையிலும் சரிவிலும் தானே மேய்ந்து வாழ்வது.

4. உம்பளச்சேரி. நம் திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு உரியது. சேற்று வயலில் இழுப்பதற்காக வளர்ந்த இனம். பசுவின் உயரம் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டினாலும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். கன்று செந்நிறமாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும்.

இந்தப் பட்டியலில் இல்லாத குட்டை மாடுகள்தான் சந்தையில் அதிகம். அவை மூன்று வகை. முதல் வகை, வறட்சியிலும் பட்டினியிலும் வளர்ச்சி நின்றுபோன நாட்டு மாடு. இரண்டாவது, குட்டை இனக் காளைக்கும் சாதாரண நாட்டுப் பசுவுக்கும் பிறந்த கலப்பு. மூன்றாவது, இன்னும் வளர்ந்து முடியாத கன்று. மூன்றையும் புங்கனூர் என்று சொல்லி விற்க முடியும். விற்கிறார்கள்.

சந்தையில் விலை எப்படிப் படிகிறது?

சென்னைக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் உள்ள பெரிய மாட்டுச் சந்தை வேலூரை அடுத்த பொய்கை. செவ்வாய்க்கிழமை கூடும். வருவதில் பெரும்பகுதி ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) என்ற வெளிநாட்டு இனங்களின் கலப்புக் கறவைகள். மேற்கே பொள்ளாச்சிச் சந்தைக்குக் கேரள வியாபாரிகள் வருவதால், அங்கே படியும் அடிமாட்டு விலை மற்ற சந்தைகளின் பேச்சிலும் எதிரொலிக்கும்.

சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் நேருக்கு நேர் வாய்விட்டு விலை பேசுவது குறைவு. நடுவில் தரகர் இருப்பார். ஒரு துண்டைக் கைமேல் போட்டு, அதன் அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார். பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கைதான் தொகை. ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. விலை படிந்ததும் அச்சாரம் கைமாறும், தரகருக்கு இரு பக்கமும் தரகு, சந்தைக்குச் சுங்கம். அவ்வளவுதான், ரசீதில் இனத்தின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

இந்த முறைக்கு ஒரு முக்கியமான விளைவு உண்டு. துண்டுக்கு அடியில் படிந்த விலை எங்கும் பதிவாவதில்லை. நாளிதழில் வரும் சந்தை நிலவரம் 'நாட்டு மாடு இவ்வளவு முதல் இவ்வளவு வரை, கலப்பினம் இவ்வளவு, எருமை இவ்வளவு' என்று வகைக்குத்தான் இருக்கும். 'உம்பளச்சேரிப் பசு, மூன்றாம் ஈத்து (மூன்றாவது கன்று ஈன்றது), இன்ன விலை' என்று இனவாரி விலைப்பட்டியல் நம்மிடம் இல்லை. ஆகவே குட்டை மாட்டுக்கு 'மார்க்கெட் ரேட்' என்று யாராவது சொன்னால், அது அவர் காதில் விழுந்த விலை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏலம் வேறு மாதிரி. அரசுக் கால்நடைப் பண்ணைகள் கழிக்கும் மாடுகள், சில கோயில்களுக்கு நேர்ந்துவிட்ட மாடுகள், சில ஊர்களில் தெருவில் பிடித்து உரிமையாளர் மீட்காத மாடுகள் ஆகியவை ஏலத்துக்கு வரும். திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கை அரசுப் பண்ணையில் உம்பளச்சேரி வளர்க்கிறார்கள். இப்படி இனம் பேணும் பண்ணையிலிருந்து வரும் மாட்டுக்குத் தாய் தகப்பன் பதிவேடு இருக்கும் என்பதால் அந்த ஏலத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஏலத்தில் கேட்பதற்கு முன் கவனிக்க வேண்டியவை:

1. முன்வைப்புத் தொகை எவ்வளவு, கேட்டுவிட்டு எடுக்காவிட்டால் அது திரும்புமா என்பது அறிவிப்பில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

2. 'உள்ளது உள்ளபடி' என்று போட்டிருந்தால், ஓட்டி வந்தபின் மடியில் ஒரு காம்பு அடைப்பு என்று புகார் சொல்ல முடியாது.

3. ஏலத்துக்கு வருவதில் பெரும்பகுதி கழித்த மாடு. எதற்காகக் கழித்தார்கள் என்று கேளுங்கள். வயதா, சினை பிடிக்காததா, எண்ணிக்கை மிகுந்ததா? மூன்றாவது காரணம் மட்டுமே உங்களுக்கு நல்லது.

4. உயிருள்ள மாட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரி என்று தனியாகக் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள்.

சந்தையோ ஏலமோ, கூட்டத்தில் நிற்கும் வியாபாரி ஒரு பசுவுக்கு விலை கட்டும்போது மனத்தில் ஓட்டுவது மூன்று கேள்விகள். இன்று எத்தனை லிட்டர் கறக்கும்? இன்னும் எத்தனை ஈத்து தாங்கும்? கடைசியில் கறிக்கு என்ன போகும்? அவருடைய கேள்விகளில் இனம் வருவதே இல்லை. மூன்று கேள்விக்கும் குட்டை மாடு தரும் பதில் சிறியது. அதனால்தான் அசல் புங்கனூரே வந்தாலும், தெரியாத ஊர்ச் சந்தையில் அது 'சின்ன மாடு' என்ற விலைக்குத்தான் போகும்.

அமெரிக்க ஏலக் கூடத்திலும் இதே கதை

இது நம் ஊர் வியாபாரிகளின் அறியாமை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் மாடு தராசில் ஏறி, நூறு பவுண்டுக்கு, அதாவது சுமார் 45 கிலோவுக்கு, இத்தனை டாலர் என்று ஏலம் போகிறது. கொழுக்க வைக்க வாங்கும் இளம் மாடுகளை அந்நாட்டு வேளாண் துறை உடற்கட்டை வைத்துப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரிக்கிறது. போதுமான கொழுப்பு ஏறும்போது 1,100 பவுண்டை எட்டாத காயடித்த காளை 'சிறியது'. அந்த வகைக்கு மொத்தத் தொகை மட்டுமல்ல, பவுண்டு விலையும் குறைகிறது.

காரணம் எளிது. லாரியில் ஏற்றுவது, ஊசி போடுவது, அறுப்பது, தோலுரிப்பது எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று ஆகும் செலவு. மாடு பாதி அளவில் இருந்தால் செலவு பாதியாவதில்லை. அயர்லாந்தின் குட்டை இனமான டெக்ஸ்டர் அங்கே நிறைய உண்டு. பதிவுச் சான்றோடு வீட்டில் வைத்து விற்றால் நல்ல விலை பெறும் டெக்ஸ்டர் பசு, பொது ஏலக் கூடத்தின் தராசில் ஏறியதும் எடை குறைந்த மாடாகிவிடுகிறது. சான்றைப் படித்துப் பார்க்கும் ஆள் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதுதான் விஷயம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

கீழே வரும் ரூபாய்த் தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதி விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் வழிதான் முக்கியம்.

முதலில் எடை. சந்தையில் தராசு இருக்காது, நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால், திமிலுக்குப் பின்புறமாக நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளவு எடுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு முனைவரை நீளம். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 50, நீளம் 40 என்றால்: 50 × 50 × 40 = 1,00,000. அதை 660-ஆல் வகுத்தால் சுமார் 150 கிலோ.

அடி விலை, அதாவது கறிக்குப் போனாலும் கிடைக்கும் விலை: 150 கிலோ மாட்டில் 47 சதவீதம் இறைச்சி என்று வைத்தால் 70 கிலோ. மொத்த வியாபாரி கிலோ 250 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 17,500. வண்டி, சுங்கம், தரகு, கூலி, லாபம் எனத் தலைக்கு 4,000 கழித்தால் 13,500. உயிர் எடைக்குக் கிலோ 90 ரூபாய். இதே கணக்கை 400 கிலோ கலப்பின மாட்டுக்குப் போட்டால் 188 கிலோ இறைச்சி, 47,000 ரூபாய், அதே 4,000 கழித்து 43,000. உயிர் எடைக்குக் கிலோ 107. சின்ன மாட்டுக்குக் கிலோவுக்கே விலை குறைவதன் காரணம் இங்கே கண்ணுக்குத் தெரியும்.

பால் விலை: புங்கனூர், வெச்சூர் இரண்டும் ஓர் ஈத்துக்குச் சராசரியாக 500 லிட்டரைச் சுற்றித்தான் கறக்கும். ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர், சில பசுக்கள் மூன்று. கொழுப்புச் சத்து நல்லது, அளவு சிறியது. லிட்டர் 60 ரூபாய் என்றால் ஓர் ஈத்துக்கு 30,000 ரூபாய்.

தீவனம்: மாடு நாளொன்றுக்குத் தன் எடையில் ஏறத்தாழ 2.5 சதவீதம் உலர் பொருளைத் தின்னும். 150 கிலோ பசுவுக்கு அது நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பச்சைப் புல் 10 கிலோ, வைக்கோல் ஒன்றரைக் கிலோ, தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை கலந்த அடர்தீவனம் அரைக் கிலோ கொடுத்தால் சரியாக இருக்கும். சென்னையில் புல் வளர்க்க நிலம் இல்லாமல் எல்லாவற்றையும் வாங்கினால் நாளுக்கு 80 ரூபாய் என்று வைப்போம். ஓர் ஈத்துக்கும் அடுத்த ஈத்துக்கும் நடுவே 15 மாதம், அதாவது 455 நாள். தீவனச் செலவு 36,400. பால் வருமானத்தைவிட 6,400 ரூபாய் அதிகம், அதுவும் கூலியும் மருத்துவமும் சேர்க்காமல். கன்று குடிக்கும் பாலையும் இதில் கழிக்கவில்லை.

நாட்டு மாட்டுப் பால் என்று நேரடியாக லிட்டர் 120 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். வருமானம் 60,000. தீவனம் போக 23,600 மிச்சம். மேய்ச்சல் நிலம் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். எப்படிப் பார்த்தாலும், பாலை நம்பி ஒருவர் இந்தப் பசுவுக்குக் கொடுக்கக்கூடிய விலை சில பத்தாயிரங்களுக்குள்தான் நிற்கும். மூன்று லட்சத்துக்கு வாங்கிய பசு பாலால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரவே தராது. விற்பவர் 'ஏ2 பால், கோமியம், சாணம்' என்று எத்தனை வருமானத்தை அடுக்கினாலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டுக் கேளுங்கள்.

அப்படியானால் லட்சம் எதற்கு?

லட்ச விலையைத் தாங்குவது ஒன்றே ஒன்று: அந்தப் பசுவின் கன்றையும் அடுத்தவர் லட்சத்துக்கு வாங்குவார் என்ற எதிர்பார்ப்பு. அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உண்மையான, எண்ணிக்கை குறைந்த இனத்துக்கு வளர்ப்பு மதிப்பு உண்டு. ஆனால் அந்த மதிப்பு நிற்க மூன்று கால்கள் வேண்டும்.

1. சான்று. தாய், தகப்பன், முடிந்தால் அவற்றின் தாய் தகப்பன் எவை என்று எழுத்தில் இருக்க வேண்டும். காதில் போட்டிருக்கும் 12 இலக்க மஞ்சள் காதடையாளத்தைக் காட்டிப் பதிவு பெற்ற மாடு என்று சொல்வது பரவலாக நடக்கிறது. அந்த எண் மாட்டின் அடையாளம், தடுப்பூசி, சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) விவரங்களுக்கானது. அது இனத்துக்குச் சான்று ஆகாது. எண் போடும்போது இனத்தின் பெயரைக் கண்ணால் பார்த்தும் உரிமையாளர் சொல்வதைக் கேட்டும்தான் எழுதுகிறார்கள்.

2. கிடேரி, அதாவது பெண் கன்று. ஈத்தில் பாதி காளைக் கன்றாகும். 15 மாதத்துக்கு ஓர் ஈத்து என்றால், சராசரியாக ஒரு கிடேரிக்கு 30 மாதம் காத்திருக்க வேண்டும். கிடேரி ஒன்று ஒரு லட்சம் என்றாலும், மூன்று லட்சத்தைக் கிடேரி விற்றே திரும்ப எடுக்க ஏழரை ஆண்டு ஆகும்.

3. ஏழரை ஆண்டும் விலை இறங்காமல் இருப்பது. இதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மூன்றாவது காலைப் பற்றித் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு 2012-இல் எப்படிச் சரிந்தது என்பது நினைவிருக்கும். ஈமுக் குஞ்சை வாங்கியவர்கள் அடுத்த குஞ்சு வாங்குபவரை நம்பித்தான் இருந்தார்கள், இறைச்சியை வாங்கும் சந்தை உருவாகவே இல்லை. குட்டை மாட்டுக்கு அவ்வளவு மோசமான நிலை வராது. பாலும் கறியும் அடியில் ஒரு விலையைத் தாங்கும். ஆனால் அந்த அடி விலை எங்கே இருக்கிறது என்பதை மேலே பார்த்தோம்.

இதில் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உம்பளச்சேரியும் அங்கீகரிக்கப்பட்ட இனம்தான். சிறியது, குறைந்த தீவனத்தில் வாழ்வது, நம் ஊர்த் தட்பவெப்பத்துக்குப் பழகியது. ஆனால் அதைக் கையில் வைத்துப் படம் எடுத்துப் போடும் வழக்கம் வரவில்லை. டிராக்டர் வந்தபின் டெல்டாவில் அதற்கு வேலையும் குறைந்துவிட்டது. அதனால் நல்ல வம்சத்துப் பசுக்கள்கூடச் சந்தையில் எடைக்கு விலை போகின்றன. மாறாக, காங்கேயம் பழையகோட்டையில் ஞாயிறுதோறும் கூடும் மாட்டுத்தாவணியில் (மாட்டுச் சந்தையில்) காங்கேயம் இனத்தை மட்டும் வாங்கி விற்கிறார்கள். வருகிற அத்தனை பேருக்கும் கொம்பும் நிறமும் திமிலும் பார்த்து இனம் மதிப்பிடத் தெரியும். அங்கே மாடு மாடாக அல்ல, காங்கேயமாக விலை பெறுகிறது. உம்பளச்சேரிக்கும் அப்படி ஒரு தாவணி கூடினால் அந்த இனம் பிழைக்கும். வெறும் விழிப்புணர்வுக் கூட்டங்களைவிட அது நூறு மடங்கு பலன் தரும்.

வாங்கும் முன்: பல், நாடா, தாய்

ஒரு வயதுக்குள்ளான ஜெர்சிக் கலப்புக் கன்று நிற்கும் உயரமும் வளர்ந்த புங்கனூர்ப் பசுவின் உயரமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஏமாற்றில் பெரும்பகுதி இந்த ஒற்றுமையில்தான் நடக்கிறது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

1. பல். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. மாட்டின் தலையைப் பக்கவாட்டில் பிடித்துக் கீழுதட்டை விரலால் இறக்குங்கள். பால்பல் சிறியதாக, ஒடுங்கி, வெள்ளையாக இருக்கும். நிலைப்பல் அதைப்போல் இரு மடங்கு அகலம், சற்று மஞ்சள். எட்டும் பால்பல்லாக இருந்தால் அது இன்னும் இரண்டு வயதுகூட நிரம்பாத கன்றாக இருக்கலாம். நடுவில் இரண்டு அகலப் பல் முளைத்திருந்தால் இரண்டு, இரண்டரை வயது. நான்கு பல் என்றால் மூன்று முதல் மூன்றரை, ஆறு பல் நான்கு, எட்டும் சேர்ந்திருந்தால் ஐந்தை ஒட்டிய வயது அல்லது அதற்கு மேல். 'முழு வளர்ச்சி அடைந்த குட்டைப் பசு' என்று விற்கும் மாட்டுக்கு நான்கு நிலைப்பல்லாவது இருக்க வேண்டும். பல்லைப் பார்க்க விடாத இடத்தில் பணத்தை எடுக்காதீர்கள்.

2. நெஞ்சுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி. நெஞ்சின் அடிப்பகுதியிலிருந்து தரைவரை அளந்து, மொத்த உயரத்தோடு ஒப்பிடுங்கள். வளர்ந்த குட்டை இன மாட்டில் இந்த இடைவெளி உயரத்தில் பாதி அல்லது அதற்கும் குறைவு. கன்றுக்குக் கால் நீண்டு, நெஞ்சு ஆழமில்லாமல், இடைவெளி பாதியைத் தாண்டும்.

3. பட்டினியில் வளர்ச்சி நின்ற மாடு. தலை உடலுக்கு மிஞ்சிப் பெரிதாகத் தெரியும், வயிறு தொங்கும், மயிர் சொரசொரப்பாக நிற்கும், முட்டி புடைத்திருக்கும். இதன் கன்று நல்ல தீவனத்தில் வளர்ந்தால் குட்டையாக இருக்காது. உங்கள் குட்டை மாடு வளர்ப்பு அத்தோடு முடிந்தது.

4. தாயை நேரில் பாருங்கள். கன்று வாங்கும்போது தாய், தகப்பன் இரண்டின் உயரத்தையும் நீங்களே அளக்க வேண்டும். தகப்பன் காளை இல்லை, சினை ஊசி என்றால் எந்த இனத்து ஊசி, எந்தத் தேதி என்ற பதிவைக் கேளுங்கள். சினைக்காலம் ஒன்பது மாதம் பத்து நாள். ஊசித் தேதியும் கன்று பிறந்த தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

5. பால் சொல்லைக் கேட்காதீர்கள், கறவையைப் பாருங்கள். மாலை கறந்து, மறுநாள் காலையும் உங்கள் முன்னால் கறக்கச் சொல்லுங்கள். ஒருவேளைக் கறவையை நிறுத்தி மடியை நிரப்பிக் காட்டுவது சந்தையில் பழைய வித்தை.

6. நோய்ப் பரிசோதனை. கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா நோயும் காசநோயும் பார்வைக்குத் தெரியாது, பால் வழியாக வீட்டுக்குள் வரும். பெரிய தொகை கொடுக்கும் முன் கால்நடை மருத்துவரை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். பரிசோதனை சரியாக இருந்தாலும் பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். இனத்தில் சந்தேகம் இருந்தால், சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியும் மாதவரத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மாட்டின் முன், பின், பக்கவாட்டுப் படங்களையும் அளவுகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

'கைக்குட்டை அளவு', 'இன்னும் குட்டை' என்று உயரத்தைக் குறைத்துக்கொண்டே போகும் விற்பனைப் பேச்சிலும் எச்சரிக்கை வேண்டும். டெக்ஸ்டர் இனத்தில் காலைக் குட்டையாக்கும் ஒரு மரபணு உண்டு. அதைச் சுமக்கும் காளையும் பசுவும் சேர்ந்தால், நான்கில் ஒரு கன்று உருக்குலைந்து, உயிரில்லாமல் பிறக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதற்காகவே அங்கே மரபணுச் சோதனை செய்துவிட்டுச் சேர்க்கிறார்கள். நம் குட்டை மாடுகளில், குட்டை வேண்டும் என்பதற்காக அண்ணன் தங்கையைச் சேர்ப்பது போன்ற நெருங்கிய உறவுச் சேர்க்கையைத் தவிர்ப்பதுதான் முதல் பாதுகாப்பு.

வாங்கியபின் ஆகும் செலவு

ஏற்றி வருவதிலிருந்து தொடங்குகிறது. 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதியானது என்ற கால்நடை மருத்துவர் சான்று வண்டியில் இருக்க வேண்டும். மாடு நெருக்கமில்லாமல் நிற்க வண்டியில் இடம் வேண்டும். ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. சினை முற்றிய பசுவை ஏற்றாதீர்கள்.

அடுத்து மாநகராட்சி. சென்னைக்குள் மாடு வளர்க்க உரிமம் தேவை. மாடு தெருவுக்கு வந்து பிடிபட்டால், 2024-இல் உயர்த்தியபடி, முதல் முறை 10,000 ரூபாய், இரண்டாம் முறை 15,000 ரூபாய் அபராதம். சந்தை விலைக்கு வாங்கிய குட்டை மாட்டுக்கு இது மாட்டின் விலைக்கே சமம்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் தவறவிடுவது. பசு பருவத்துக்கு வந்ததும் பக்கத்தில் கிடைக்கும் சினை ஊசியைப் போட்டுவிடுகிறார்கள். அது ஜெர்சி ஊசியாக இருந்தால், 150 கிலோ பசுவின் வயிற்றில் பெரிய இனக் கன்று வளரும். ஈனும்போது கன்று வெளியே வராமல் சிக்கும். கன்றை இழப்பீர்கள், சில நேரம் பசுவையும். பிழைத்தாலும் அந்தக் கன்று கலப்பு, லட்சக் கணக்கில் அதற்கு இடமில்லை. குட்டை இனப் பசு வாங்கும் நாளிலேயே அதற்கு அதே இனத்துக் காளை அல்லது உறைவிந்து எங்கே கிடைக்கும் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். அது கிடைக்காத இடத்தில் அந்தப் பசுவை இனப்பெருக்கத்துக்கென்று அதிக விலை கொடுத்து வாங்குவதில் பொருளே இல்லை.

விற்க நினைப்பவர்களுக்கு

உங்களிடம் இருப்பது அசல் குட்டை இனம் என்றால், அதைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். கூட்டத்தில் இனம் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலும், போட்டிக்கு இன்னொருவர் இல்லாமல் விலை ஏறாது. முதலில் மூன்றை எழுத்தில் தயார் செய்யுங்கள்: தாய் தகப்பன் விவரமும் உயர அளவும், ஈத்துத் தேதிகளும் ஒவ்வோர் ஈத்தின் கறவை அளவும், கோமாரித் தடுப்பூசி உள்ளிட்ட மருத்துவப் பதிவும். கிடேரிக் கன்றுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் புருசெல்லா தடுப்பூசி போட்ட பதிவு இருந்தால் வாங்குபவர் தயங்க மாட்டார். பிறகு அதே இனம் வளர்ப்பவர்களிடம் நேரடியாக விற்கலாம். வயதாகி வறண்ட பசுவுக்கும், வளர்ப்புக்கு ஆகாத காளைக் கன்றுக்கும் மட்டும் சந்தை விலையை எதிர்பாருங்கள். அவற்றுக்கும் நாடா பிடித்து எடை போட்டு, உங்கள் அடி விலையைத் தெரிந்துகொண்டு போனால், துண்டுக்கு அடியில் கை நீட்டும்போது எந்த விரலோடு நிறுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.